மூன்றாம் நாள் காலையிலும் ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: கேம்பிங் டிரெய்லர் பேட்டரி. ஜூலை பள்ளி விடுமுறைக்கு இன்னும் சில வாரமே இருக்கிறது. டிரெய்லர் வைத்திருப்பவர்கள் தூசி தட்ட ஆரம்பித்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில் 34 வருஷம் வாகன மின்வேலை பார்த்தேன். இப்போது பட்டறையை மகன் கவனிக்கிறான். நானும் வீட்டுக்காரியும் முடிந்தபோதெல்லாம் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கு இடம் அதிகம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு பெரியம்மாவின் மருந்து சம்பந்தப்பட்டிருக்கிறது.

*

ஐயா, போன ஜூலையில் மாமியார், இரண்டு பிள்ளைகளோடு டிராக்கன்ஸ்பர்க் மலைக்குப் போனோம். நாங்கள் தங்கிய இடத்தில் கரண்ட் கிடையாது. டிரெய்லரில் 105 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, 40 லிட்டர் ஃப்ரிட்ஜ், 100 வாட் மடக்கு சோலார் பேனல். தமிழ் வீடியோ ஒன்றில் சொன்னபடி பேனலைத் தெற்கே பார்த்துச் சாய்த்து வைத்தோம். இரண்டாம் நாள் ராத்திரி மூன்று மணிக்கு ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. உள்ளே மாமியாரின் இன்சுலின். விடியும் வரை நாங்கள் யாரும் தூங்கவில்லை. இன்னொரு பேட்டரி சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

வாங்காதீர்கள் அம்மா, இப்போதைக்கு வேண்டாம். நிரம்பாத குடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குடத்தை வைத்தால் தண்ணீர் கூடாது. உங்கள் பேட்டரி சிறியது என்பது பிரச்சினை இல்லை. அது ஒரு நாள்கூட நிரம்பவில்லை.

முதலில் இன்சுலினைப் பேசிவிடுவோம். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரித்துப் பயன்படுத்தும் இன்சுலின் பேனாவைச் சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வைக்கலாம் என்றுதான் பெரும்பாலான பெட்டிகளில் போட்டிருக்கும். உங்கள் மாமியாரின் மருந்தோடு வரும் தாளை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். ஆகவே ஜூலைக் குளிரில் ஃப்ரிட்ஜ் சில மணி நேரம் நின்றதால் மருந்து கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அதைவிடப் பெரிய ஆபத்து உறைந்துபோவது. உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். 12 வோல்ட் ஃப்ரிட்ஜில் உள்சுவரை ஒட்டி வைத்த பொருள் சட்டென்று ஐஸாகிவிடும். மருந்தை ஒரு டப்பாவில் போட்டு, துணி சுற்றி, மேல் கூடையில் நடுவாக வையுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன தெர்மாமீட்டர் இருக்கட்டும்.

சரி, இப்போது கணக்கு. இதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும், அப்போதுதான் எந்தக் கடைக்காரரிடமும் தைரியமாகப் பேச முடியும். 40 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். ஜூலை மலைக்குளிரில் அது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும். ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). எல்.இ.டி. விளக்குகளுக்கு 5, வீட்டிலுள்ள அத்தனை போனுக்கும் 5, தண்ணீர் பம்புக்கு 2. மொத்தம் 42. இதே ஃப்ரிட்ஜை டிசம்பரில் செயின்ட் லூசியா கடற்கரைப் புழுக்கத்தில் வைத்தால் அது மட்டுமே 45-ஐத் தாண்டும்.

105 ஏ.எச். என்று ஒட்டியிருந்தாலும், ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுக்க எடுக்க அதன் ஆயுள் குறையும். ஆக உங்களுக்குச் சொந்தம் என்று இருப்பது 52. அதுவும் வீட்டிலிருந்து கிளம்பும்போது நிறைந்து இருந்தால்தான். ஈஸ்டர் முதல் ஜூலை வரை டிரெய்லர் சும்மா நின்றிருக்கும், அப்புறம் வண்டியிலிருந்து மெல்லிசு ஒயர் வழியாக மூன்று மணி நேரம் கொஞ்சம் சார்ஜ் ஏறியிருக்கும். முக்கால்வாசி நிறைந்திருந்தால் அதுவே பெரிது. ஏறக்குறைய 79-ல் தொடங்கினீர்கள். முதல் நாள் முடிந்தபோது நாற்பதுக்குப் பக்கம். இரண்டாம் நாள் ராத்திரி மூன்று மணிக்குப் பேட்டரியில் பதினைந்தோ என்னவோ மிஞ்சியிருக்கும். வோல்டேஜ் இறங்க, ஃப்ரிட்ஜ் தானாக அணைந்துவிட்டது. நீங்கள் எழுதிய நேரத்துக்கும் என் கணக்குக்கும் அப்படியே பொருந்துகிறது.

பேனல் என்ன செய்தது? ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. தெற்கே பார்த்து வைப்பது சென்னைக்கும் மதுரைக்கும் சரியான யோசனை. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, 29, 30 டிகிரியில் இருக்கிறோம். நமக்குச் சூரியன் வடக்கு வானத்தில் போகிறது. ஜூலையில் உச்சிப்பொழுதில்கூட அது சுமார் 40 டிகிரி உயரத்துக்குத்தான் வருகிறது. உங்கள் பேனல் தெற்கே முப்பது டிகிரி சாய்ந்து இருந்தால் வெயில் அதன் முகத்தில் விழவே இல்லை, உரசிக்கொண்டு போயிருக்கிறது. அந்த வீடியோவைச் செய்தவர்மேல் தப்பு இல்லை, அவர் தன் ஊர் வானத்தைப் பார்த்துச் சொன்னார். நீங்கள் வடக்கே பார்த்து, குளிர்காலத்தில் நன்றாக நிமிர்த்தி, 50 டிகிரி அளவுக்குச் சாய்த்து வையுங்கள். ஒரு குச்சியைப் பேனலுக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியின் நிழல் விழாமல் போனால் பேனல் சூரியனை நேராகப் பார்க்கிறது என்று அர்த்தம். காலை, நண்பகல், மாலை என்று மூன்று தடவை திருப்பினால் போதும். மரக்கிளை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் பாதி உற்பத்தி போய்விடும். அதனால் டிரெய்லரை நிழலில் நிறுத்துங்கள், பேனலை வெயிலில் தள்ளி வையுங்கள்.

இப்படி வைத்தால் 100 வாட் பேனல் தெளிவான ஜூலை நாளில் 25 ஆம்பியர்-மணி தரும். உங்களுக்குத் தேவை 42. ஏற்றும்போது போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 50. அதனால் காசு செலவழிக்க வேண்டும் என்றால் இன்னொரு 100 வாட் பேனலுக்குச் செலவழியுங்கள். 200 வாட் இருந்தால் நல்ல வெயிலில் அன்றாடச் செலவை அன்றன்றே ஈடுகட்டிவிடலாம். மூட்டமான ஒரு நாளைப் பேட்டரி தாங்கும்.

அடுத்து ஒயர். இதை நான் அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2014-ல் மைத்துனர் குடும்பத்தோடு கலஹாரிப் பாலைவனத்துக்குப் போனோம். கலகாடி பூங்காவின் போட்ஸ்வானா பக்கம், வேலியும் கிடையாது கரண்டும் கிடையாது. டர்பனிலிருந்து இரண்டு நாள் ஓட்டம். இரண்டு நாள் எஞ்சின் ஓடியிருக்கிறது, பேட்டரி கழுத்துவரை நிறைந்திருக்கும் என்று நம்பினேன். ஒயரிங் ஏற்கெனவே செய்திருந்த பழைய டிரெய்லர் அது. சிவப்பு கேபிள் பென்சில் தடிமனில் நன்றாகத்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் காலையில் மீட்டர் வைத்தால் 11.4. ஃப்ரிட்ஜைத் திறந்தபோதே கறி வாடை மாறியிருந்தது. ஆறு பேருக்கு வாங்கிய இறைச்சி. எஞ்சினை ஓடவிட்டு அளந்தேன். வண்டிப் பேட்டரியில் 14.2, டிரெய்லர் பேட்டரியில் 12.9. அப்புறம் கத்தியால் அந்தக் கேபிளின் தோலைச் சீவினேன். வெளியே பென்சில், உள்ளே செம்பு ஊதுபத்திக் குச்சி அளவுகூட இல்லை. அந்த மெல்லிசான செம்பு கையில் இருந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. அன்று முதல் ஒயரைத் தடிமன் பார்த்து வாங்குவதே இல்லை, வெட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

காரணம் எளிது. வண்டிக்கும் டிரெய்லர் பேட்டரிக்கும் 6 மீட்டர் என்றால் கரண்ட் போய்வர 12 மீட்டர். அதை 2.5 ஸ்கொயர் எம்எம் (உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டு அளவு) ஒயரில் அனுப்பினால், 10 ஆம்பியருக்கே 0.8 வோல்ட் வழியில் போய்விடும். 14.2 கிளம்பினால் 13.4 போய்ச் சேரும். ஈய-அமில பேட்டரி ஒழுங்காக நிரம்ப 14.4 வேண்டும். 13.4-ல் அது இரண்டு நாள் கிடந்தாலும் நிரம்பாது. 16 ஸ்கொயர் எம்எம் கேபிளும் வண்டியையும் டிரெய்லரையும் இணைக்க சாம்பல் நிற 50 ஆம்ப் ஆண்டர்சன் பிளக்கும் போட்டால் வழியில் போவது 0.13 வோல்ட்தான். இரண்டு முனையிலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடச் சொல்லுங்கள். அது இல்லாத கேபிள் எங்காவது உராய்ந்து பாடியைத் தொட்டால் தீப்பிடிக்கும்.

இன்னொரு சின்ன சோதனை. ஃப்ரிட்ஜை சிகரெட் லைட்டர் பிளக்கில் மாட்டியிருக்கிறீர்களா? ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அங்கே வோல்டேஜ் தொலைகிறது. பேட்டரியில் 12.2 இருந்தும் ஃப்ரிட்ஜுக்கு 11.5தான் போய்ச்சேரும், அது பேட்டரி காலி என்று நினைத்து அணைந்துவிடும். இந்தப் பிளக்கை மாற்றிய பிறகு ‘பேட்டரி போச்சு’ என்று வந்த பலர் பழைய பேட்டரியோடே சந்தோஷமாகத் திரும்பியிருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் முழுக்க வீட்டு சார்ஜரில் போடுங்கள். ஈய-அமில பேட்டரியின் கடைசி இருபது சதவீதம் மிக மெதுவாகத்தான் ஏறும், அவசரப்படுத்த முடியாது. சார்ஜரைக் கழற்றி சில மணி நேரம் கழித்து 12.7 காட்டினால் நிறைந்தது. 12.1 என்றால் பாதி. ஃப்ரிட்ஜையும் வீட்டிலேயே குளிர வைத்து, கோழியை உறைய வைத்து ஏற்றுங்கள். சமைத்த பானையைச் சூடோடு உள்ளே வைக்கவே வேண்டாம். அந்தச் சூட்டை இறக்க ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓடும்.

இதெல்லாம் செய்த பிறகும் போதவில்லை என்றால், அப்போது எழுதுங்கள், இரண்டாவது பேட்டரி பற்றிப் பேசலாம். பெரியம்மா இந்த வருஷமும் மலைக்கு வரட்டும்.

*

அண்ணா, லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) நாட்களில் வாங்கிய 100 ஏ.எச். லித்தியம் பேட்டரி ஒன்று வீட்டில் சும்மா இருக்கிறது. டிரெய்லரில் பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை மாட்டிவிடலாமா? வண்டி 2021 மாடல் பக்கி (பிக்கப்).
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, முதலில் லேபிளைப் பாருங்கள். 12.8 வோல்ட் என்று இருந்தால் மேலே படியுங்கள். 25.6 அல்லது 51.2 என்று இருந்தால் அது வீட்டு இன்வெர்ட்டருக்கானது, டிரெய்லர் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

12.8 என்றால் நல்ல பொருள்தான். ஈய-அமிலத்தில் 50 எடுக்கும் இடத்தில் இதில் 80, 90 எடுக்கலாம், எடையும் பாதிகூட இருக்காது. ஆனால் ‘கழற்று, மாட்டு’ என்று முடிகிற வேலை இல்லை.

உங்கள் பக்கி புது மாதிரி. இப்போதைய பல வண்டிகளில் எரிபொருள் மிச்சம் பிடிக்க, எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருப்பீர்கள், அது 12.6, 13 என்று ஓடிக்கொண்டிருக்கும். லித்தியத்துக்கு 14.2-லிருந்து 14.6 வேண்டும். பழைய மாதிரி வண்டியில் வேறு தொல்லை: காலியான லித்தியம் கிடைக்கிற கரண்டை எல்லாம் ஒரே மூச்சில் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிப் புகைந்துவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், டிசி-டிசி சார்ஜர். டிரெய்லரில், பேட்டரிக்குப் பக்கத்தில் பொருத்த வேண்டும். அது வருகிற வோல்டேஜை உயர்த்தி, அளவாகக் கரண்ட் கொடுக்கும். 20 ஆம்பியர் சார்ஜர் ஒன்று மூன்று மணி நேர ஓட்டத்தில் 60 ஆம்பியர்-மணி ஏற்றிவிடும். சோலார் பேனலால் இரண்டு நாளில் முடியாததை ஒரு காலைப்பொழுதில் முடிக்கும். இதற்கும் அந்த 16 ஸ்கொயர் எம்எம் கேபிள் தேவை, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சோலார் கண்ட்ரோலரிலும் வீட்டு சார்ஜரிலும் லித்தியம் என்ற அமைப்பு இருக்கிறதா பாருங்கள். பழைய சார்ஜர்களில் பேட்டரியைப் ‘புதுப்பிக்க’ 15 வோல்ட்டுக்கு மேல் தட்டும் ஒரு கட்டம் இருக்கும். அது ஈய-அமிலத்துக்கானது, லித்தியத்துக்கு ஆகாது.

குளிர். இதைக் கட்டம் கட்டிப் போடச் சொல்லியிருப்பேன். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். கரண்ட் எடுக்கலாம், ஏற்றத்தான் கூடாது. ஜூலையில் டிராக்கன்ஸ்பர்க் புல்லில் காலையில் வெள்ளையாக உறைபனி கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பெட்டியில் இருக்கும் பேட்டரியும் அதே குளிரில்தான் இருக்கிறது. உங்கள் பேட்டரியின் பி.எம்.எஸ். (உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று) குளிரில் சார்ஜை நிறுத்துமா என்று கையேட்டில் பாருங்கள். எல்லாவற்றிலும் அது கிடையாது. இல்லையென்றால் டிரெய்லருக்குள் கொண்டுபோய் வையுங்கள், வெயில் ஏறி உடம்புக்கு உறைக்கிற வரை பேனலை இணைக்காதீர்கள்.

கடைசியாக, வோல்ட் மீட்டரை நம்பி இருக்காதீர்கள். லித்தியம் நிறைந்திருந்தாலும் பாதியானாலும் 13.2, 13.3 என்று ஒரே முகத்தைக் காட்டும், அப்புறம் திடீரென்று விழும். ஷண்ட் (கரண்டை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று போட்டுவிடுங்கள். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எனக்கு அதைப் பார்ப்பது பழகிப்போய், காலையில் காபிக்கு முன்னால் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

*

கேரவனை ஈஸ்டருக்கும் டிசம்பருக்கும் மட்டும்தான் எடுக்கிறோம். புது பேட்டரி ஒன்றரை வருஷத்தில் செத்துவிட்டது. இவ்வளவு குறைவாகப் பயன்படுத்தியும் ஏன்?
— வாசகர், லெனேசியா

குறைவாகப் பயன்படுத்தியதால்தான். ஈய-அமில பேட்டரி பாதி காலியாக மாதக்கணக்கில் நின்றால் தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகும், அப்புறம் அந்த இடம் சார்ஜை ஏற்காது. கேரவனில் எல்லாவற்றையும் அணைத்தாலும் ரேடியோ, வாயு எச்சரிக்கைக் கருவி, யு.எஸ்.பி. சாக்கெட்டின் நீல விளக்கு என்று ஏதாவது ஒன்று சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். 0.1 ஆம்பியர் என்றால்கூட மாதத்துக்கு 72 ஆம்பியர்-மணி ஆகிறது.

பயணம் முடிந்து வந்த அன்றே முழுக்க சார்ஜ் செய்து, நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு ராத்திரி சார்ஜரில் போடுங்கள். கூரையில் பேனல் இருந்தாலும் கேரவன் கொட்டகைக்குள் நின்றால் பயன் இல்லை.

*

கேரவனில் சார்ஜ் ஏறும்போது அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. பேட்டரி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வாய்வுத் தொல்லையா, ஒயர் கோளாறா என்று வீட்டில் பேச்சு.
— வாசகி, டோங்காட்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போன் செய்து சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஈய-அமில பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிறது, அல்லது உள்ளே ஒரு செல் செத்து, மற்றவை கொதிக்கின்றன. இது விஷவாயு. கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும், நாற்றம் போய்விட்டது என்று ஏமாந்துவிடுவோம். கூடவே ஹைட்ரஜனும் வரும். ஒரு சின்னத் தீப்பொறி போதும், பேட்டரி வெடிக்க.

எல்லோரும் வெளியே வாருங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சார்ஜரை வீட்டுச் சுவர் சுவிட்சில் அணையுங்கள். பேட்டரி முனைகளை அப்போதே கழற்றப் போகாதீர்கள், அங்கேதான் பொறி பறக்கும். பேட்டரி முழுக்க ஆறிய பிறகு, கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு கழற்றி வெளியே எடுக்கலாம். பக்கங்கள் உப்பியிருந்தால் அதைத் திரும்ப மாட்டவே கூடாது. புதிதாகப் போடும் பேட்டரியை மூடிய பெட்டியில் வைத்து, வெளிக்காற்றுக்குக் குழாய் விட்டுவிடுங்கள். கட்டிலுக்கு அடியில்தான் இடம் என்றால் இது கட்டாயம். சார்ஜர் எத்தனை வோல்ட் கொடுக்கிறது என்று ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 14.8-க்கு மேல் நின்றுகொண்டே இருந்தால் சார்ஜரையும் மாற்ற வேண்டும். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள், விலையிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.